"எனக்கு வேணாம்மா, நீங்க போயிட்டு வாங்க!"



நான் குரோம்பேட்டையில் வசிக்கும் இல்லத்தரசி. வயது முப்பத்தேழு. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. பெண் ஒன்பதாவது, பையன் ஆறாவது படிக்கிறார்கள். எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார். மாமனார் தவறி ஆறு வருஷம் ஆகிறது.

எங்கள் தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பழைய பேப்பர் போட்ட காசு, மளிகையில் மிச்சம் பிடித்த காசு எல்லாம் அவரவர் வீட்டு உண்டியலில் விழும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை உண்டியலை உடைத்து, ஒரு வேன் பிடித்து, விடியற்காலை கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிற மாதிரி ஓர் ஊருக்குப் போய் வருவோம். லாட்ஜ் செலவு கிடையாது. புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவதால் ஓட்டல் செலவும் கிடையாது.

சென்னையைச் சுற்றி இப்படிப் போய்வர எத்தனை இடம் இருக்கிறது தெரியுமா! வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென் மாநிலத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் என் பெண் உட்கார்ந்துகொண்டு எழுந்து வரவே மாட்டேன் என்றாள். வடக்கே பழவேற்காடு ஏரி. அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள்! கிளம்பும் முன் ஒரு விஷயம்: வண்டலூர் பூங்காவுக்கும் தட்சிணசித்ராவுக்கும் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. இது தெரியாமல் போய் நாங்கள் ஒரு முறை பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

இத்தனை இடத்துக்கும் போனோம். ஆனால் ஒன்றுக்குக்கூட என் மாமியார் வந்ததில்லை.

கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். "எனக்கு வேணாம்மா, நீங்க போயிட்டு வாங்க. வெயில் ஒத்துக்காது" என்பார். இல்லாவிட்டால் "வீட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா?" என்பார். நானும் இரண்டாவது தடவை வற்புறுத்த மாட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தோழியரே, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருக்கும். ஒரு நாளாவது மாமியார் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சுடிதார் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிவிட்டு வரலாமே என்கிற ஆசை. எல்லா வீட்டிலும் உள்ளதுதானே இது!

போன மே மாதம் மாமல்லபுரம் போனோம். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், பெரிய பாறையில் செதுக்கிய தவக் காட்சி எல்லாம் பார்த்தோம். அந்தப் பாறையில் ஒரு பூனையும் நின்று தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள்! என் பையன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. 1984-ஆம் வருஷமே யுனெஸ்கோ அமைப்பு இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டது. அப்படிப்பட்ட இடம் நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

ஆனால் நான் அன்றைக்கு ஒரு முட்டாள்தனம் செய்தேன். பொம்பளைகள் எல்லாரும் செய்கிற முட்டாள்தனம்தான். வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. கொளுத்துகிற வெயில். சாயங்காலம் தலை சுற்றியது. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். டாக்டரம்மா சிறுநீரில் தொற்று என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

படுத்துக் கிடந்த என்னை அத்தைதான் பார்த்துக்கொண்டார். பார்லி கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத்தாம்மா நான் எங்கேயும் வர்றதில்லை."

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு அத்தை?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "உன் வூட்டுக்காரன் பொறந்தான் பாரு, அதிலேர்ந்து. இருமினா, தும்மினா, கனமா எதையாவது தூக்கினா, கொஞ்சம் வந்துடும். வயசாக ஆக ஜாஸ்தியாயிடுச்சு. அடக்கவே முடியறதில்லை. உன் மாமனாருக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் காட்சின்னு போனா அன்னிக்குப் பூரா தண்ணி குடிக்க மாட்டேன், கருப்புப் புடவையாப் பாத்துக் கட்டிக்குவேன்."

என் கணவருக்கு வயது நாற்பத்தொன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பத்தோரு வருஷம் ஒரு பெண் இதை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்! பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற எனக்கும் தெரியவில்லை. கருப்புப் புடவை கட்டினால் "அத்தைக்கு இந்தக் கலர்தான் பிடிக்கும்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அரசு மருத்துவமனையில் மகளிர் டாக்டரிடம் அத்தையை அழைத்துப் போனேன். "இந்த வயசுல இதைப் போய்க் காட்டுவாங்களா" என்று ஒரே கூச்சம். அந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "இதுக்காக வர்றவங்க நிறையப் பேரும்மா. வராம வீட்டிலேயே இருக்கறவங்க அதைவிட ஜாஸ்தி" என்றார். சர்க்கரை இருக்கிறதா, தொற்று இருக்கிறதா, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. பிரசவத்தில் தளர்ந்துபோன அடிவயிற்றுத் தசைகள்தான் காரணமாம். ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். சிறுநீரை அடக்குவதுபோல அந்த இடத்துத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினமும் மூன்று வேளை. உட்கார்ந்துகொண்டும் செய்யலாம், படுத்துக்கொண்டும் செய்யலாம். காபியைக் குறைக்கச் சொன்னார். "தண்ணீரைக் குறைக்காதீங்க. குறைச்சா சிறுநீர் கெட்டியாகி உறுத்தும், இன்னும் அவசரமா வரும்" என்றார். நாம் இத்தனை நாளாக அதற்கு நேர்மாறாக அல்லவா செய்துகொண்டிருக்கிறோம்!

ஆறேழு மாதத்தில் அத்தைக்குப் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. அதனால் தை மாதப் பயணத்துக்கு நான் விடவில்லை. "நீங்க வந்தாத்தான் நான் போவேன்" என்று சொல்லிவிட்டேன். அத்தை பிறந்தது அச்சிறுப்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமம். அதனால் அந்தப் பக்கமாகவே, வேடந்தாங்கல், மதுராந்தகம், உத்திரமேரூர் என்று ஒரே நாளில் மூன்று ஊருக்குத் திட்டம் போட்டோம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணிக்கே வேன் கிளம்பியது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஏழு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் இருந்தோம்.

ஏரி என்றால் பரந்து விரிந்த ஏரி இல்லை. முப்பது ஹெக்டேர்தான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள் முழுக்கப் பறவைகள்! தூரத்திலிருந்து பார்த்தால் மரம் வெள்ளையாகப் பூத்த மாதிரி இருக்கிறது. சத்தமோ காதை அடைக்கிறது. என் பெண் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். அத்தை பின்னால் நின்று, "அதோ அது நத்தை குத்தி. அலகு நடுவுல சந்து இருக்கு பாரு. எங்க வயல்ல அறுப்புக்கு முன்னாடி வந்து நத்தையெல்லாம் பொறுக்கும். அது கூழைக்கடா, தாடைக்குக் கீழே பை தொங்குது பாரு. கழுத்தை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டுப் பாம்பு மாதிரி போவுதே, அது பாம்புத்தாரா" என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். "ஆயா, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பக்கத்தில் நின்றிருந்த வேற்று ஆட்களும் அத்தையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

எல்லாப் பறவையும் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரைகள், நீர்க்காகங்கள், கூழைக்கடாக்கள் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தாம். குளிர்காலம் கழிக்க வடக்கே வெகு தூரத்திலிருந்து வருபவை சில வாத்து வகைகள்.

அந்த ஊர் ஜனங்களைத்தான் பாராட்ட வேண்டும். பறவைகளின் எச்சம் விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிவிடுகிறது. அதை வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். அதனால் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டு, அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் யாரும் சுடக்கூடாது என்று 1798-ல் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். 2022-ல் இந்த ஏரி ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டது. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அர்த்தம்.

அங்கேயே இட்லி சாப்பிட்டுவிட்டு மதுராந்தகம் வந்தோம். ஏரி காத்த ராமர் கோயில். பெயருக்கு ஒரு கதை உண்டு. ஒரு வருஷம் பெருமழை. மதுராந்தகம் பெரிய ஏரி உடையும் நிலை. கலெக்டர் வந்து தங்கிக் கவலையோடு இருக்கிறார். கோயில்காரர்கள் தாயார் சன்னதியைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்க, "உங்கள் தெய்வம் ஏரியைக் காப்பாற்றினால் கட்டித் தருகிறேன்" என்கிறார். இரவில் கரையைப் பார்க்கப் போனவர் கண்ணுக்கு வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் காவல் நிற்பது தெரிந்ததாம். ஏரி உடையவில்லை. சொன்னபடியே ஜனகவல்லித் தாயார் சன்னதியைக் கட்டினார். அந்தக் கலெக்டர் யார் தெரியுமா? வேடந்தாங்கல் பறவைகளுக்கு உத்தரவு போட்ட அதே பிளேஸ் துரைதான்! ஒரே நாளில் இரண்டு ஊரில் அந்தப் பெயரைக் கேட்டபோது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

ராமானுஜருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த தலமும் இதுதான். மகிழ மரத்தடியில் நடந்ததாகச் சொல்கிறார்கள்.

மதியச் சாப்பாடு முடித்து உத்திரமேரூர் கிளம்பினோம். அதுவரை அத்தைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் எனக்கும் கொஞ்சம் மெத்தனம் வந்துவிட்டது. பாதி வழியில் அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். முகம் மாறிவிட்டது. வழியில் இருந்த ஒரு பெட்ரோல் பங்கில் வேனை நிறுத்தச் சொல்லி ஓடினேன். கழிப்பறை பூட்டியிருந்தது. "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, அவர் சாப்பிடப் போயிருக்கார்" என்றார் அங்கிருந்த பையன். நான் அவனிடம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அத்தை வேனைவிட்டு இறங்கினார். இறங்கும்போதே புடவை நனைந்துவிட்டது.

வேனில் ஆம்பளைகள், பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்ற அந்த நிலையை என்னால் மறக்க முடியாது. "நான் அப்பவே வரலைன்னு சொன்னேன் இல்லே? வண்டியைத் திருப்பச் சொல்லும்மா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

எதிர்ப்பக்கம் சாலையோரம் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் ஓர் அம்மா நெல் காய வைத்துக்கொண்டிருந்தார். நான் போய், "அக்கா, எங்க அத்தைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். "உள்ளே கூட்டிக்கிட்டு வாம்மா" என்று சொல்லிக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. வெந்நீர் விளாவி வைத்தார். நான் யாருக்கும் சொல்லாமல் அத்தைக்கு ஒரு மாற்றுப் புடவை பையில் வைத்திருந்தேன். வெளிர் மஞ்சள் புடவை, தீபாவளிக்கு எடுத்தது, அத்தை ஒரு நாளும் கட்டாதது. கட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அந்த அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அத்தை தயங்கினார். "குடிங்க பெரியம்மா. வயசாச்சுன்னா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார். அத்தை முழுச் சொம்பையும் குடித்தார்.

வேனுக்குத் திரும்பியபோது என் கணவர் இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார். "வீட்டுக்குப் போலாமா அம்மா?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார், தன் மஞ்சள் புடவையைப் பார்த்தார். "இவ்ளோ தூரம் வந்தாச்சு. அந்த ஊரையும் பாத்துட்டே போலாம்" என்றார்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர் முழுக்க எழுத்துகள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். அதுதான் குடவோலை முறை. 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், மந்திர பிராமணம் ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்கூட நிற்கக்கூடாது! "வீட்டுக் கணக்கைக் காட்டாதவங்களுக்கும் இந்தச் சட்டம் வேணும்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னேன். ஏரியைக் கவனிக்கவே ஏரி வாரியம் என்று ஆறு பேர் தனியாக இருந்திருக்கிறார்கள்.

என் பெண் தன் பாடப் புத்தகத்தில் படித்ததை எல்லாம் ஆயாவுக்கு விளக்கிச் சொன்னாள். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. அந்தக் குடத்துல பொம்பளை பேரு போட்டாங்களா?" என்றார். "இல்லை ஆயா. ஆனா இப்ப நம்ம ஊர்ல உள்ளாட்சியில பாதி இடம் பொம்பளைங்களுக்கு, 2016-ல சட்டம் வந்துடுச்சு" என்றாள் இவள். அத்தை சிரித்தார். "அப்ப அவங்ககிட்ட சொல்லு. ஏரிக்கு ஒரு வாரியம் வெச்ச மாதிரி, வழிநெடுகக் கக்கூஸுக்கும் ஒரு வாரியம் வெக்கச் சொல்லு. சாவியைப் பொம்பளை கையில குடுக்கச் சொல்லு." வேனில் வந்த அத்தனை பெண்களும் கை தட்டினோம். திரும்பும் வழியில், பக்கத்து வீட்டு அக்கா மெதுவாக என்னிடம் வந்து, "அந்தப் பயிற்சி எப்படிச் செய்யறதுன்னு எனக்கும் சொல்லிக்குடேன்" என்றார். அவருக்கு வயது நாற்பத்தைந்துதான்.

தோழியரே, நீங்களும் போவதாக இருந்தால் என் அனுபவத்தில் சில யோசனைகள். வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். மழை பொய்த்த வருஷமாக இருந்தால் ஏரியில் தண்ணீர் உண்டா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். விடியற்காலை அல்லது சாயங்காலம்தான் நல்ல நேரம். பளிச்சென்ற சிவப்புத் துணி, சத்தம் இரண்டும் வேண்டாம். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் மதுராந்தகத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே எந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்விட வேண்டும். பையில் ஒரு மாற்றுப் புடவை, ஒரு துண்டு, சோப்பு, ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டாயம். தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கு வேணாம், நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்னால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்கப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

அடுத்த உண்டியல் சித்திரையில் உடைக்கிறோம். எங்கே போகலாம் என்று முடிவு செய்கிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். பழவேற்காடாம். "அந்த எலும்புக்கூடு வாசலை நானும் பாக்கணும்" என்கிறார்.

- உங்கள் வாசகி, குரோம்பேட்டை.